தரகருக்கு எஜமான் யார்?

ஊர் வளர்கிறதென்று எல்லோரும் மகிழ்கிறார்கள். நேற்றுச் சோளம் விளைந்த காட்டில் இன்று கல் நட்டு மனை பிரிக்கிறார்கள். இந்த வளர்ச்சியில் வீடு கட்டுகிறவருக்கு லாபம் வருமா, நஷ்டம் வருமா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நிலத்தை விற்றவர் அவசரப்பட்டு விட்டோமே என்று பிற்பாடு வருந்துவதும், வாங்கியவர் ஏமாந்து விட்டோமே என்று தலையில் கை வைத்துக் கொள்வதும் உண்டு. விலை ஏறினாலும் இறங்கினாலும், விற்றவர் அழுதாலும் வாங்கியவர் அழுதாலும், பங்கு தவறாமல் பெறுகிற மனிதர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் நிலத் தரகர்.

அவரைத் தூற்றுவது நமது நோக்கமன்று. தரகர் இல்லாமல் நிலச் சந்தை நடவாது. அம்மாப்பேட்டையில் தறி நெய்கிறவருக்குச் சூரமங்கலத்தில் எந்த மனை விலைக்கு வருகிறது என்று எப்படித் தெரியும்? வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் சொந்தக்காரருக்குத் தம்முடைய இடத்தை வாங்கத் தக்கவர் யார் என்று எப்படித் தெரியும்? இவ்விருவரையும் தேடிப் பிடித்துச் சேர்த்து வைப்பது ஓர் உழைப்பு. உழைப்புக்குக் கூலி கொடுப்பது நியாயம். நாம் கேட்பது வேறு கேள்வி. தரகர் யாருடைய ஆள்? விற்பவரின் ஆளா, வாங்குபவரின் ஆளா, அல்லது இருவர் பெயரையும் சொல்லிக்கொண்டு தமக்குத் தாமே ஆளா? யுத்தத்துக்குப் பின் நமது நகரங்கள் பெருத்த காலத்திலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. நமது சட்டசபைகளும் பொது ஜனங்களும் எழுபது வருஷ காலம் இதைக் கேளாமலே விட்டார்கள். அதன் பலனை இன்று ஏழையும் நடுத்தர வகுப்பாரும் அனுபவிக்கிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டைவாசிகளுக்குத் தரகு புதிய விஷயமன்று. பேட்டையின் பெயரே செவ்வாய்க்கிழமைச் சந்தையை நினைவூட்டுகிறது. லீ பஜாரில் தானியமும் பருப்பும் வெல்லமும் மஞ்சளும் மண்டிகளின் மூலமாகவே கைமாறி வந்திருக்கின்றன. மண்டிக்காரர் விவசாயியின் சரக்கை ஏற்றுக்கொண்டு, வியாபாரிகளுக்கு முன்னிலையில் விலை கூறி விற்று, தமது கமிஷனையும் கூலியையும் கழித்துக்கொண்டு மிச்சத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார். அந்த முறையில் குறைகளே இல்லையென்று நாம் சொல்லவில்லை. முன்பணம் கொடுத்து விவசாயியைக் கட்டிப் போடுவதும், எடையில் கழிவு பிடிப்பதும் நாடறிந்த புகார்கள். ஆனாலும் மண்டியில் மூன்று விஷயங்கள் வெளிப்படை: சரக்கு எவருடையது, என்ன விலைக்குப் போயிற்று, தரகு எவ்வளவு. மாட்டுச் சந்தையில் வேறொரு வழக்கம் உண்டு. இரு கைகளின்மீதும் துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்குக் கூட விலை தெரியாது. நிலத் தரகு மண்டியின் வழியை விட்டுவிட்டுத் துண்டின் வழியைப் பிடித்துக்கொண்டது. நோயின் மூலம் இதுவே.

இது எப்படி நேர்ந்தது? பழைய நாளில் வீடும் மனையும் அடிக்கடி கைமாறியதில்லை. கைமாறினாலும் உறவுக்குள்ளோ தெருவுக்குள்ளோ முடிந்துவிடும். பத்திரம் எழுதுகிறவரும் கிராமக் கணக்குப்பிள்ளையும் சாட்சி சொல்ல இரண்டு பெரியவர்களும் இருந்தால் போதும். இரண்டாவது உலக யுத்தம் அந்த உலகத்தைக் கலைத்துவிட்டது. 1941 டிசம்பரில் ரங்கூன் நகரின்மீது குண்டு விழுந்தது. பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர் கப்பலேறியும் கால்நடையாகவும் தாய்நாடு திரும்பினர். அவர்களில் தமிழர் ஏராளம். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வந்து விடுவார்களென்ற பீதியில் சென்னைவாசிகள் உள்நாட்டு ஊர்களை நாடி ஓடினார்கள். கிராமத்தில் பிழைப்பற்றவர்கள் நகரத்துக்கு வந்தார்கள். 1941-ஆம் வருஷத்து ஜனக் கணக்கில் சேலம் நகரத்தின் ஜனத்தொகை ஏறக்குறைய 1,30,000. 1951-ல் அது 2,00,000-ஐத் தாண்டிவிட்டது. பத்தே வருஷங்களில் பாதிக்கு மேல் பெருக்கம்! ஆனால் யுத்த காலத்தில் இரும்பும் சிமிண்டும் சர்க்கார் கட்டுப்பாட்டில் இருந்தன. சாமானியர் ஒருவர் புதிதாக வீடு கட்டுவது ஆகாத காரியமாயிற்று. ஜனம் பெருகிற்று; வீடு பெருகவில்லை.

மறுபுறத்தில் பணம் பெருகிற்று. ராணுவக் காண்டிராக்டுகளிலும், கட்டுப்பாட்டுச் சரக்குகளின் கள்ளமார்க்கெட்டிலும் சம்பாதித்த பணம் கணக்கில் வராமல் பெட்டிக்குள் கிடந்தது. அதை வெளியே கொண்டுவருவதற்காக 1946 ஜனவரி 12-ஆம் தேதி இந்திய சர்க்கார் ஓர் அவசரச் சட்டம் செய்து, 500, 1,000, 10,000 ரூபாய் நோட்டுகள் இனிச் செல்லா என்று அறிவித்தது. நோட்டாக வைத்திருப்பதற்குப் பயந்த பணம் எங்கே போகும்? நகையாகும், அல்லது நிலமாகும். குடியிருக்க ஓர் அறை தேடி அலைகிறவர் ஒரு பக்கம்; பணத்தைப் புதைக்க ஓர் இடம் தேடி அலைகிறவர் மற்றொரு பக்கம். எந்த வீடு காலியாகிறது, எந்த நிலம் விலைக்கு வருகிறது என்ற செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு இவ்விருவருக்கும் நடுவில் நின்றவர் தரகர். நிலத் தரகு ஒரு முழு நேரத் தொழிலாக வளர்ந்தது இவ்விதந்தான்.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 1941-ல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி சென்னையில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. யுத்தம் முடிந்ததும் 1946-ல் கட்டடங்களின் குத்தகையையும் வாடகையையும் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1949-ல் மற்றொரு சட்டம் வந்தது. 1940 ஏப்ரல் 1-ஆம் தேதிக்கு முந்திய பன்னிரண்டு மாதங்களில் அந்த வட்டாரத்தில் நிலவிய வாடகையை ஆதாரமாகக் கொண்டு நியாய வாடகையை நிர்ணயிக்க வேண்டுமென்று 1949-ஆம் வருஷத்துச் சட்டம் கூறிற்று. வாடகைக்கு மேல் பகடியோ வேறு தொகையோ வாங்கக்கூடாது; வீடு காலியானால் அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும்; காரணமின்றிக் குடித்தனக்காரரை வெளியேற்றக்கூடாது. இவையெல்லாம் நல்ல நோக்கத்துடன் செய்த விதிகள் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் அந்தச் சட்டங்களைப் படிப்பவர்கள் ஒரு விசித்திரத்தைக் காணலாம். வீட்டுக்காரருக்கு விதி உண்டு. குடித்தனக்காரருக்கு விதி உண்டு. இருவருக்கும் நடுவில் நின்ற மூன்றாவது மனிதருக்கு மட்டும் லைசென்ஸும் இல்லை, கணக்கும் இல்லை, வரம்பும் இல்லை. இதன் விளைவு என்ன? வாடகைக்கு வரம்பு விதித்தபோது செய்திக்கு விலை ஏறிற்று. காலி வீட்டைப் பகிரங்கமாக அறிவித்தால் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் என்று பயந்த வீட்டுக்காரர், தரகரின் காதில் மட்டும் சொன்னார். பகடியைப் பகிரங்கமாக வாங்க முடியாதவர், தரகரின் கை வழியாக வாங்கினார். சட்டத்தின் முன்வாசலை அடைத்தவர்கள் புழக்கடைக் கதவைத் திறந்தே வைத்துவிட்டார்கள்.

தரகரை ஒழுங்குபடுத்தும் வித்தை நமது சட்டசபைகளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கோர்ட்டு வாசலில் நின்று கட்சிக்காரரைப் பிடித்து வக்கீலிடம் ஒப்படைத்துக் கூலி வாங்கும் தரகர்களின் ஜாபிதாவைத் தயாரித்துக் கோர்ட்டிலேயே தொங்கவிடுவதற்கு, 1879-ஆம் வருஷத்து வக்கீல்கள் சட்டத்தின் 36-ஆவது பிரிவு இடம் தந்தது. பருத்தி, நிலக்கடலை முதலிய வியாபாரப் பயிர்களின் மார்க்கெட்டுகளை லைசென்ஸுக்கும் மேற்பார்வைக்கும் உட்படுத்த 1933-லேயே சென்னைச் சட்டசபை ஒரு சட்டம் செய்தது. அதன்படி 1936-ல் திருப்பூரில் பருத்திக்கு ஒழுங்குமுறை மார்க்கெட் ஏற்பட்டது. இன்ஷியூரன்ஸ் ஏஜெண்டுக்கு 1938-ஆம் வருஷத்துச் சட்டம் லைசென்ஸ் விதித்தது. ஒரு பொதி பருத்தியை விற்றுத் தருகிறவருக்கு மேற்பார்வை வேண்டும்; ஒரு குடும்பத்தின் ஆயுள் சேமிப்பு முழுவதையும் ஒரே நாளில் கைமாற்றித் தருகிறவருக்கு மேற்பார்வை வேண்டாம்! இந்த முரண்பாடு 1933-லிருந்து 2016 வரையில் நீடித்தது என்றால் யாருடைய சௌகரியத்துக்காக நீடித்தது என்று வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

தரகரின் தயவில்லாமலே ஜனங்களுக்கு மனை கிடைக்கச் செய்யலாம் என்பதற்கும் நமது மாகாணத்திலேயே அத்தாட்சி உண்டு. 1920-ஆம் வருஷத்து நகரமைப்புச் சட்டத்தை அனுசரித்து, மாம்பலத்து ஏரி நிலத்தில் தியாகராய நகர் உருவாயிற்று. இரண்டாவது யுத்தத்துக்குப் பின் அடையாற்றில் காந்தி நகரை ஒரு கூட்டுறவு வீடு கட்டும் சங்கம் அமைத்தது. 1947-ல் சென்னையில் நகர அபிவிருத்தி டிரஸ்டு தொடங்கியது. 1961-ல் அதன் இடத்தில் வீட்டு வசதி வாரியம் வந்தது. இவற்றில் விலையும் அளவும் நிபந்தனையும் அச்சிட்டு எல்லோருக்கும் தெரிந்திருந்தன. ஆனால் சங்கங்களும் வாரியமும் தந்த மனைகள், நகரங்கள் கேட்ட மனைகளில் ஒரு சிறு பகுதியே. மிச்சம் முழுவதும் துண்டின் அடியிலேயே கைமாறியது.

இனிச் சட்டத்தின் அடிப்படைக்கு வருவோம். தரகருக்குத் தனிச் சட்டம் இல்லாமற் போனாலும், அவரைக் கட்டுப்படுத்தும் தர்மம் ஒன்று 1872-ஆம் வருஷத்திலிருந்தே நமது சட்டப் புஸ்தகத்தில் இருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பத்தாவது அத்தியாயம் ஏஜெண்டின் கடமைகளைச் சொல்கிறது. ஏஜெண்டு தம்மை நியமித்தவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 213-ஆவது பிரிவு. எஜமானருக்குச் சொல்லாமல் அந்தக் காரியத்தில் ஏஜெண்டு தாமே ஒரு கட்சியாகப் புகுந்து வியாபாரம் செய்தால், தக்க சந்தர்ப்பங்களில் எஜமானர் அந்தப் பேரத்தை நிராகரிக்கலாம் என்கிறது 215-ஆவது பிரிவு. அப்படிச் சம்பாதித்த லாபத்தை எஜமானர் தமக்கென்று கேட்டு வாங்கலாம் என்கிறது 216-ஆவது பிரிவு. இந்த மூன்று பிரிவுகளின் சாரம் ஒன்றே: ஒரு காரியத்தில் ஒருவருக்கு ஆளாக இருப்பவர் அதே காரியத்தில் தமக்காக ரகசிய லாபம் தேடக்கூடாது.

நடைமுறையைப் பாருங்கள். கொலுசுப் பட்டறையில் இருபது வருஷம் வெள்ளியை உருக்கிப் பணம் சேர்த்த தொழிலாளி ஒருவர், 1,200 சதுர அடி மனை வாங்க விரும்புகிறார் என்று வைத்துக் கொள்வோம். சொந்தக்காரர் தரகரிடம் 12 லட்சம் வந்தால் போதும் என்கிறார். தரகர் தொழிலாளியிடம் 15 லட்சம் என்கிறார். சொந்தக்காரரிடமிருந்து 12 லட்சத்துக்கு நூற்றுக்கு இரண்டு வீதம் 24,000 ரூபாய். தொழிலாளியிடமிருந்து 15 லட்சத்துக்கு அதே வீதத்தில் 30,000 ரூபாய். நடுவில் நின்ற 3 லட்சம் யாருக்கும் சொல்லாத லாபம். ஆக 3,54,000 ரூபாய். இதில் தரகு என்று நியாயமாகச் சொல்லத்தக்கது 54,000 ரூபாய். அதிலும் இரு பக்கமும் வாங்குவது இரு பக்கத்தாருக்கும் தெரிந்திருந்தால் மட்டுமே நியாயம். மிச்சம் 3 லட்சம் 216-ஆவது பிரிவின் பார்வையில் தரகருடையதன்று, அவரை நியமித்தவருடையது. ஆனால் அவரை நியமித்தவர் யார்? எழுத்தில் ஒன்றும் இல்லை. சொந்தக்காரர் கேட்டால் 'வாங்குகிறவருக்காகத்தான் அலைந்தேன்' என்பார். வாங்கியவர் கேட்டால் 'விற்கிறவர்தான் என்னைச் சொன்னார்' என்பார். எஜமானர் யாரென்று தெரியாத ஏஜெண்டுக்கு எதிராக ஏஜெண்டுச் சட்டம் என்ன செய்யும்? 1872-ஆம் வருஷத்துச் சட்டம் புஸ்தகத்தில் உறங்குவதற்குக் காரணம் இதுதான்.

இதைவிட விபரீதமானது பவர் பத்திர வியாபாரம். தரகர் சொந்தக்காரருக்குச் சிறு முன்பணம் கொடுத்து, விற்கும் அதிகாரத்தைத் தமது பெயரில் பவராக எழுதி வாங்கிக் கொள்கிறார். பிறகு அந்தப் பவரே கைமாறுகிறது. கிரயப் பத்திரம் இல்லை, முத்திரை வரி இல்லை. நாலு பேர் கை மாறிய பின்பும் ஆஸ்தி யாருடையது என்று எவருக்கும் தெரியாது. 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. பவர் பத்திரமும் ஒப்பந்தமும் உயிலும் சேர்ந்து கிரயமாகிவிடா. பதிவு செய்த கிரயப் பத்திரமே பாத்தியதையைக் கொடுக்கும் என்று தீர்ப்புக் கூறிற்று. சேலம் ஜில்லாவில் பாத்தியதையை ஆராய்வது ஏற்கெனவே சிக்கலான வேலை. மிட்டாக்கள் நிறைந்த ஜில்லா இது. 1948-ஆம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தினாலும், 1963-ஆம் வருஷத்து இனாம் ஒழிப்புச் சட்டத்தினாலும் ரயத்துவாரியாக மாறிய நிலங்கள் ஏராளம். ஓடைப் புறம்போக்கும் ஏரிப் புறம்போக்கும் கோவில் நிலமும் பட்டா நிலத்தின் வேலியை ஒட்டியே கிடக்கின்றன. இவற்றைப் பிரித்தறியும் வேலையை, நாளைக்கே கமிஷன் வாங்க அவசரப்படுகிறவரின் வாய்ச்சொல்லுக்கு விட்டுவிடலாமா?

2016-ஆம் வருஷம் இந்தச் சரித்திரத்தில் ஒரு திருப்பம். அவ்வருஷம் மார்ச்சில் பார்லிமெண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. செப்டம்பர் 9-ஆம் தேதி, அங்கீகாரமில்லாத மனைப் பிரிவுகளில் உள்ள மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை ஹைகோர்ட்டு உத்தரவிட்டது. நவம்பர் 8-ஆம் தேதி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லா என்று அறிவிப்பு வந்தது. 1946-ல் நோட்டுகள் செல்லாமற் போன வருஷத்திலேயே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் பிறந்தது என்பதை வாசகர்கள் நினைவுகூர வேண்டும். சரியாக எழுபது வருஷம் கழித்து அதே இரண்டு மருந்துகள் மீண்டும் தேவைப்பட்டன என்றால், நோய் இடையில் ஒரு நாளும் குணமாகவில்லை என்பதுதானே பொருள்?

2016-ஆம் வருஷத்துச் சட்டம் நிலத் தரகரைப் பெயர் சொல்லி அழைத்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டுக்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்டோ அமைக்கும் திட்டம் ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். வாங்குவோரிடமிருந்து திரட்டும் பணத்தில் நூற்றுக்கு எழுபது பங்கைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். 9-ஆவது பிரிவின்படி அத்திட்டங்களில் விற்றுக் கொடுக்கும் ஏஜெண்டும் பதிவு பெற வேண்டும். 10-ஆவது பிரிவின்படி அவர் கணக்குப் புஸ்தகம் வைக்க வேண்டும். பதிவு பெறாத திட்டத்தை விற்கக்கூடாது. இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லக்கூடாது. மீறினால் 62-ஆவது பிரிவின்படி நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம் அபராதம். அது விற்ற ஆஸ்தியின் மதிப்பில் நூற்றுக்கு ஐந்து வரை போகலாம். இவற்றை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆயினும் இந்தச் சட்டத்தின் கை எட்டும் தூரம் எவ்வளவு? பெரிய மனைப் பிரிவும் அடுக்கு மாடியும் அதற்குள் வரும். ஒருவர் குடியிருந்த பழைய வீட்டை இன்னொருவருக்கு விற்றுத் தரும் தரகர் அதற்குள் வரமாட்டார். தனி மனையை விற்றுத் தருகிறவர் வரமாட்டார். விவசாயியின் ஒரு ஏக்கரைப் பேசி முடிக்கிறவர் வரமாட்டார். வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுத்து ஒரு மாத வாடகையைக் கூலியாக வாங்குகிறவரும் வரமாட்டார். 1949-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பின் 1960-லும், அதற்குப் பின் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த 2017-ஆம் வருஷத்துச் சட்டத்திலும் வீட்டுக்காரர் - வாடகைதாரர் உறவு திரும்பத் திரும்பத் திருத்தி எழுதப்பட்டது. வாடகைக்கு வீடு பிடித்துத் தரும் தெருத் தரகர் லைசென்ஸுக்கு வெளியிலேயே நின்றார். 1994-ல் மாநகராட்சியாகி, 2011-ல் 8 லட்சம் ஜனத்தொகையைத் தாண்டிய சேலத்தில், சாமானியர் தரகரைச் சந்திப்பது பெரும்பாலும் இந்தச் சிறு பேரங்களில்தான். யானைக்கு அங்குசம் செய்தார்கள். எலிக்குப் பொறி வைக்க மறந்தார்கள்.

லைசென்ஸ் ஒன்றினாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாம் நம்பவில்லை. அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே நிலத் தரகர்களின் தேசியச் சங்கம் 1908-லேயே தோன்றியது. 1913-ல் அது ஓர் ஒழுக்க விதித் தொகுப்பை வகுத்தது. கலிபோர்னியாவில் 1919 முதல் லைசென்ஸ் சட்டம் நிலைபெற்றது. யுத்தத்துக்குப் பின் 1947-ல் நியூயார்க்குக்கு அருகே லெவிட்டவுன் என்ற புதிய ஊரில் ஆயிரக்கணக்கான வீடுகளைத் தொழிற்சாலைச் சரக்குப் போல் கட்டி விற்றார்கள். லைசென்ஸ் இருந்தது, சங்கம் இருந்தது, ஒழுக்க விதியும் இருந்தது. ஆனால் ஒரு வட்டாரத்தின் சொத்து மதிப்பைக் குறைக்கக்கூடிய இனத்தாரை அங்கே கொண்டுவரத் தரகர் துணையாக இருக்கக்கூடாது என்று 1924-ல் அந்த ஒழுக்க விதியிலேயே எழுதியிருந்தார்கள்! லெவிட்டவுனில் நீக்ரோக்களுக்கு வீடு விற்கவில்லை. இன பேதம் பாராட்டும் கிரய நிபந்தனைகளைக் கோர்ட்டுகள் நிறைவேற்றித் தரக்கூடாது என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 1948-ல் தீர்ப்பளித்தது.

நாம் அமெரிக்காவைப் பார்த்து நகைக்க வேண்டியதில்லை. வீடு கேட்டு வருகிறவரிடம் நமது தரகர் முதலில் கேட்பது என்ன? சம்பளமா, குடும்பமா? இல்லை, ஜாதி. வீட்டுக்காரர் சொல்லச் சொன்னார் என்பார். எஜமானர் யாரென்று வேறெந்த விஷயத்திலும் தெளிவாகச் சொல்லாதவர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எஜமானரின் பெயரைச் சொல்லித் தப்பித்துக் கொள்கிறார். தீண்டாமையை அரசியல் சாசனத்தின் 17-ஆவது ஷரத்து ஒழித்துவிட்டது. ஹரிஜன சேவைக்காகச் சிறை சென்றவர்களும் உபவாசமிருந்தவர்களும் வாழ்ந்த தேசத்தில், காலி வீட்டின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஜாதி விசாரிப்பது வெட்கக்கேடு. ஆகவே தரகருக்கு விதி செய்யும்போது கமிஷனை மட்டும் பேசினால் போதாது. பிறப்பைக் கேட்டு வீட்டை மறுக்கும் காரியத்துக்குத் துணைபோனால் லைசென்ஸ் போய்விடும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன? நமது அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். முதலாவது, மறுவிற்பனை, தனி மனை, வாடகை ஆகிய எல்லாப் பேரங்களிலும் தரகு பெறுகிறவர் பதிவு பெற்றிருக்க வேண்டுமென்று நமது சட்டசபை சட்டம் செய்ய வேண்டும். பதிவுக் கட்டணம் சிறிதாகவும் முறை சுலபமாகவும் இருக்கட்டும். இரண்டாவது, பேரம் தொடங்குமுன் ஒரு பக்கத்தில் அடங்கும் சீட்டு எழுதப்பட வேண்டும்: தரகர் யாருடைய ஆள், கூலி என்ன வீதம், யார் கொடுப்பது என்று. இரு பக்கமும் வாங்குவதானால் இரு பக்கத்தாரும் அதில் கையெழுத்திட வேண்டும். மூன்றாவது, சொந்தக்காரர் கேட்ட விலைக்கும் வாங்கியவர் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் தரகருடையதாகாது என்பது அச்சீட்டிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். சீட்டு இல்லாவிட்டால் கமிஷனுக்கு வழக்குப் போட முடியாது என்று வைத்தால், யோக்கியமான தரகர் தாமாகவே சீட்டை நீட்டுவார்.

சட்டம் வரும்வரையில் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. சேலம் விஜயராகவாச்சாரியாரும் ராஜாஜியும் வக்கீல் தொழிலோடு பொதுத் தொண்டையும் சேர்த்துச் செய்த ஊர் இது. 1917 முதல் 1919 வரை ராஜாஜி இந்நகரசபையின் தலைவராக இருந்தார். அந்த ஊரின் வக்கீல்கள் வாரத்துக்கு ஒரு நாள் செவ்வாய்ப்பேட்டையில் உட்கார்ந்து, சிறு தொகை பெற்றுக்கொண்டு, மனை வாங்க வரும் ஏழைகளின் தஸ்தாவேஜுகளைப் படித்துச் சொல்லக்கூடாதா? வியாபாரிகளின் சங்கங்கள் மண்டியில் கமிஷன் வீதத்தை எழுதி வைத்திருப்பதைப் போல நிலத் தரகுக்கும் ஒரு பலகை எழுதி வைக்கக்கூடாதா? வாங்குகிறவரும் தமது கடமையை மறக்கக்கூடாது. மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம், பெரிய திட்டமானால் ஆணையத்தின் பதிவு எண் ஆகிய ஐந்தையும் பாராமல் முன்பணம் கொடுக்கக்கூடாது. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல்லைக் கேட்டு மயங்கி ஏமாந்தவர்கள் இந்த ஜில்லாவில் கொஞ்சமல்ல.

சிறு தரகர்களின் பிழைப்பில் மண் விழும் என்று சிலர் சொல்லக்கூடும். நாம் நேர்மாறாகவே நினைக்கிறோம். இன்று யோக்கியமான தரகர்தான் நஷ்டப்படுகிறார். உள்ளதைச் சொல்லி நூற்றுக்கு ஒன்று கேட்கிறவரை விட்டுவிட்டு, கமிஷனே வேண்டாம் என்று சொல்லி விலையில் மூன்று லட்சத்தை மறைப்பவரிடம் ஜனங்கள் போகிறார்கள். வெளிச்சம் வந்தால் முன்னவர் பிழைப்பார். பின்னவர் வேறு தொழில் தேடிக்கொள்வார். தனிப்பட்டவர்களின் பேரத்தில் சர்க்கார் ஏன் தலையிட வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. பருத்தி மறு வருஷமும் விளையும். நிலம் விளையாது. சேலத்தின் எல்லைக்குள் இருக்கும் பூமி இவ்வளவுதான். அதைப் பங்கிடுவதில் நடக்கும் சூது ஒருவருடைய நஷ்டத்தோடு நிற்பதில்லை. துண்டுக்கடியில் ஏறிய விலை அடுத்த மனைக்கும் அதற்கடுத்த மனைக்கும் அளவுகோலாகி, ஊர் முழுவதன் வாடகையிலும் வந்து விடிகிறது.

அந்நியர் ஆண்ட காலத்தில் நமது பொருள் எங்கே போகிறது என்று கணக்குக் கேட்பதே தேச பக்தியின் முதற் பாடமாக இருந்தது. கேட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். ஆனாலும் கேட்பதை நிறுத்தவில்லை. நம்மவரிடம் நாம் கணக்குக் கேட்பது அதைவிடச் சுலபமான காரியம். தரகர் வாசலில் வந்து நிற்கும்போது மனையின் அழகைக் கேட்பதற்கு முன், 'ஐயா, நீங்கள் யாருடைய ஆள்? அதை எழுதிக் கொடுங்கள்' என்று கேட்கும் பழக்கம் நமது ஜனங்களுக்கு வரவேண்டும். எழுதிக் கொடுக்கத் தயங்குகிறவரிடம் பேரம் பேசாமல் அனுப்பிவிட வேண்டும். அந்தப் பழக்கம் செவ்வாய்ப்பேட்டையில் தொடங்கட்டும்.